எலும்பு எப்படி நீள்கிறது?

எலும்புதான் கெட்டியாயிற்றே, அது எப்படி நீளும் என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் அது இழுபட்டு நீள்வதே இல்லை. 18ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஒரு கோழிக்குஞ்சின் கால் எலும்பில் இரண்டு துளை போட்டுப் பார்த்தார். கால் வளர்ந்தது, துளைகளுக்கு நடுவே இருந்த இடைவெளி மாறவில்லை.

வளர்ச்சி நடப்பது முனைகளை ஒட்டி. கை, கால் எலும்புகள் கருவில் முதலில் குருத்தெலும்பாகத்தான் உருவாகின்றன. நடுப்பகுதி எலும்பான பிறகும் முனைக்குப் பக்கத்தில் மெல்லிய குருத்தெலும்புத் தட்டு ஒன்று மிஞ்சும். அதில் செல்கள் அடுக்கிய நாணயங்கள் போல நிற்கும். முனைப் பக்கச் செல்கள் பெருகும். நடுப்பக்கச் செல்கள் உப்பி இறந்துபோகும், அங்கே புது எலும்பு படியும். எக்ஸ்ரேயில் இந்தத் தட்டு கறுப்புக் கோடாகத் தெரியும். அதை முறிவு என்று நினைத்துப் பயப்படுகிறவர்களும் உண்டு! பருவ வயது முடிவில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோனால் (ஆண்களுக்கும் அதேதான்) தட்டு எலும்பாகி மூடிவிடும். அப்புறம் கை கால் நீளாது.