பாப்பா புள்ளியியல் படிக்கட்டுங்க, வெயிலுக்குப் பழகினால்

வணக்கமுங்க அண்ணா,

பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க் வாங்கிய பொண்ணு பி.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், தலை எண்ணுகிற வேலைக்கா இத்தனை படிப்பு என்று கேட்டிருந்தீர்கள். அவினாசிக்காரர் கேட்டால் நியாயம்தான். பனியன் கம்பெனியும் இன்ஜினியரிங்கும் தவிர வேறு எதையும் நம்ம ஊரில் படிப்பாகவே மதிப்பதில்லை.

ஒன்று செய்யுங்கள். உங்கள் தெருவில் பனியனுக்குப் பிசிறு வெட்டித் தரும் அக்கா யாராவது இருப்பார். அவரிடம் போய் "வேலைக்குப் போறீங்களா?" என்று கேளுங்கள். "இல்லீங்க, வீட்ல சும்மாதான் இருக்கறேன்" என்பார். மடியில் துணி மூட்டை, கையில் கத்தரி. விடிகாலையில் இரண்டு மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார். அந்த "இல்லீங்க"வை அப்படியே எழுதிக்கொண்டு போனால் நாட்டின் கணக்கில் அவர் வேலை பார்க்காதவர். போன வாரம் எத்தனை நாள் துணி வந்தது, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், மாட்டை யார் பார்க்கிறார்கள் என்று கிளறிக் கேட்டால்தான் கணக்கில் வருவார். குடும்பத் தொழிலில் சம்பளம் இல்லாமல் கூடமாட உதவுபவரையும் வேலை செய்பவராகவே எழுத வேண்டும் என்பது விதி. 2017-ல் மத்திய அரசு தொடங்கிய தொழிலாளர் கணக்கெடுப்பு 2025 முதல் மாதாமாதம் வருகிறது. டிவியில் வேலையில்லாத் திண்டாட்டம் என்று காட்டுகிற சதவீதம், இப்படி யாரோ ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட கேள்வியிலிருந்து வருவதுதான்.

சிறு தொழிலும் இதே கதை. ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு பெரும்பாலும் கரண்ட் போட்டு 10 பேர், கரண்ட் இல்லாமல் 20 பேர் வேலை பார்க்கும் பதிவு பெற்ற ஆலைகளோடு நின்றுவிடும். ஐந்து பவர் டேபிள் (கரண்டில் ஓடும் தையல் மெஷின்) போட்டு ஜாப் ஒர்க் எடுப்பவரும் சோமனூரில் வீட்டோடு தறி ஓட்டுபவரும் அதற்கு வெளியே. அவர்களுக்குத் தனிக் கணக்கெடுப்பு இருக்கிறது. ஆனால் வாசலில் டேப்லெட்டோடு ஆள் நின்றதும் "ஜிஎஸ்டியா?" என்று முகம் மாறிவிடும். 2008-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டப்படி, சொல்லும் விவரம் புள்ளிவிவரத்துக்கு மட்டும்தான். இதை அவர் நம்பும்படி சொல்லத் தெரியணும். நான் கல்லூரியில் படித்தபோது ஒரு சர்வேக்குத் துணையாகப் போனேன். கூட வந்தவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, பார்க்காத ஆறு வீட்டுக்கு ஃபாரம் நிரப்பினார். வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். இன்றைக்கும் உறுத்துகிறது.

கடைசியாக மக்கள்தொகைக் கணக்கு எடுத்தது 2011-ல். 2021-ல் எடுக்க வேண்டியது தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐக் கணக்குத் தேதியாக அறிவித்தார்கள். நடுவில் திருப்பூர் எவ்வளவு வளர்ந்தது என்று உங்களுக்கே தெரியும். விலைவாசிக் குறியீட்டையும் 2012-ஆம் ஆண்டு அடிப்படையிலிருந்து 2024-க்கு மாற்றும் வேலையை எடுத்தார்கள். விவரம் தெரிந்த பிள்ளைகளுக்கு வேலைக்குக் குறைவிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

சரி, படிப்புக்கு வருவோம். கோவையிலேயே பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரியில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இருக்கிறது. மேல்படிப்புக்குப் பாரதியார் பல்கலைக்கழகம். 1931-ல் புள்ளியியல் மேதை மகலனோபிஸ் தொடங்கிய கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு நுழைவுத் தேர்வு கடுமை, இருந்தாலும் எழுதிப் பார்க்கட்டும். டிகிரி முடித்தால் யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு எழுதலாம். மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வு வழியாக இளநிலைப் புள்ளியியல் அலுவலர் ஆகலாம். டிஎன்பிஎஸ்சியிலும் உதவிப் புள்ளியியல் ஆய்வாளர் பணி உண்டு. இடம் குறைவு, அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் ஆர், பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழிகள் இரண்டில் ஒன்றைக் கையில் வைத்திருக்கட்டும், தனியார் வேலைக்கும் அது ஆகும்.

ஃபீஸ் கட்டும் முன், கலெக்டர் ஆபீஸில் புள்ளியியல் அலுவலகம் எங்கே என்று கேட்டு ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள். கோபிசெட்டிபாளையம் பக்கம் நெல் அறுப்பு நடந்தால், விளைச்சலைக் கணக்கிடும் அறுவடைப் பரிசோதனை எங்கே என்று விசாரியுங்கள். வயலில் ஐந்துக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் விளைந்ததை மட்டும் அறுத்துத் தூற்றி எடை போடுவார்கள். பாப்பா வரப்பில் நின்று பார்க்கட்டும். அரைமணி நேரத்தில் "போலாம்ப்பா" என்றால் எனக்கு ஃபோன் போடுங்கள், வேறு பார்ப்போம். தராசுப் பக்கம் போய், கயிறு ஏன் அந்த மூலையில் கட்டினீர்கள் என்று கேட்டாளென்றால் அடுத்த நாளே அப்ளிகேஷன் வாங்கிவிடுங்கள்.