ஒரே நீளம், வேறு குரல்: பித்தளை வாத்தியங்கள் பற்றிச் சில கேள்விகள்

கே: டிராம்போனும் (குழலை இழுத்து நீட்டி வாசிப்பது) யூஃபோனியமும் (சிறிய டியூபா போன்றது) ஒரே சுருதி என்கிறார்கள். ஆனால் ஒன்று பளீரென்று அறைகிறது, இன்னொன்று குழைகிறது. ஏன்?

ப: இரண்டின் குழலையும் நிமிர்த்தினால் ஏறக்குறைய 2.7 மீட்டர் வரும். நீளம் ஒன்று, அதனால் சுருதியும் ஒன்று. குரலைப் பிரிப்பது குழல் அகலும் விதம்தான். டிராம்போன் குழல் பெரும்பகுதி ஒரே விட்டத்தில் ஓடி, கடைசியில்தான் விரியும். யூஃபோனியமோ, வால்வ் (அழுத்தினால் கூடுதல் குழலைச் சேர்க்கும் பொறி) இருக்கும் பகுதியைக் கழித்துப் பார்த்தால், தொடக்கத்திலிருந்தே அகன்றுகொண்டு போகும்.

பலமாக ஊதும்போது அழுத்த அலையின் உச்சி, மற்ற பகுதியைவிடச் சற்று வேகமாக ஓடும். விரியாத நீண்ட குழலில் அது முன்னேறி முன்னேறி, அலையின் முகப்பையே செங்குத்தாக்கிவிடும். காதில் அறையும் அந்தப் பளபளப்பு இதனால் வருவதே. டிராம்போனை உச்ச பலத்தில் ஊதினால் உள்ளே அதிர்ச்சி அலையே உருவாகிறது என்று அளந்து காட்டியிருக்கிறார்கள். யூஃபோனியத்தில் அழுத்தம் பரவித் தணிந்துவிடும். கூர்மை சேர வழியில்லை. இரண்டையும் மெதுவாக ஊதச் சொல்லிக் கேளுங்கள், குரல்கள் நெருங்கி வரும். டிரம்பெட்டுக்கும், அகன்றுகொண்டு போகும் குழலுள்ள ஃப்ளூகல்ஹார்னுக்கும் உள்ள வித்தியாசமும் இதே கதைதான்.

கே: சாக்ஸஃபோன் பித்தளைதானே? அதை ஏன் மரக்காற்று வாத்தியம் என்கிறார்கள்?

ப: அதில் அதிர்வது நாணல் சீவாளி. 1846-ல் அடால்ஃப் சாக்ஸ் காப்புரிமை பெற்றபோதும் அப்படித்தான். பித்தளைக் குடும்பம் என்றால் உதடு அதிர வேண்டும். அந்தக் கணக்கில் சங்கும் இந்தப் பக்கம்தான். உலோகமே இல்லாதது வேறு விஷயம்.

கே: டிரம்பெட்டில் மூன்று வால்வையும் சேர்த்து அழுத்தினால், வர வேண்டியதைவிடச் சுருதி சற்று ஏறி நிற்கிறது. வாத்தியத்தில் பழுதா?

ப: பழுதில்லை, கணக்கே அப்படி. பி-ஃப்ளாட் டிரம்பெட்டின் குழல் சுமார் 148 செ.மீ. அரை ஸ்வரம் இறங்க நீளம் 6 சதவீதம் போலக் கூட வேண்டும். ஆக அரை ஸ்வரம் இறக்கும் நடு வால்வ் 9 செ.மீ., இரண்டு அரை ஸ்வரம் இறக்கும் முதல் வால்வ் 18, மூன்று இறக்கும் மூன்றாவது 28 என்று குழலைக் கூட்டுகின்றன. மூன்றும் சேர்ந்தால் 55. ஆனால் ஆறு அரை ஸ்வரம் இறங்க 61 செ.மீ. வேண்டும்! ஏற்கனவே நீண்டுவிட்ட குழலுக்கு அதே 6 சதவீதம் என்பது இன்னும் பெரிய நீளம் அல்லவா? அந்தக் குறையை ஈடுகட்டத்தான் மூன்றாம் வால்வின் ஸ்லைடில் (வெளியே நகர்த்தக்கூடிய குழல் துண்டு) வளையம் வைத்திருக்கிறார்கள். இடது கை விரலை மாட்டி வெளியே தள்ளுங்கள். பலர் அதை அலங்காரம் என்று நினைத்து வருடக்கணக்கில் தொடாமலே வாசிக்கிறார்கள். இந்தக் குடும்பத்திலேயே பெரியதான டியூபாவில் இதே பற்றாக்குறை செ.மீ. கணக்கில் இன்னும் பெரிது. நான்காவது வால்வ் வருவது அதனால்தான்.

கே: பிரெஞ்சு ஹார்ன் வாசிப்பவர்கள் ஏன் இவ்வளவு தடுமாறுகிறார்கள்?

ப: எஃப் சுருதியுள்ள பிரெஞ்சு ஹார்னின் குழல் சுமார் 3.7 மீட்டர், டிரம்பெட்டைப்போல் இரண்டரை மடங்கு. ஆனால் அதில் வாசிப்பது பெரும்பாலும் மேல் ஸ்தாயியின் இயற்கை ஸ்வரங்களை, அதாவது குழல் நீளத்தை மாற்றாமல் உதட்டாலேயே எழுப்பும் ஸ்வரங்களை. அங்கே அவை ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். உதடு இம்மி பிசகினால் பக்கத்து ஸ்வரம் வந்து விழும். இதற்காகவே இரண்டு குழல் நீளங்களை ஒன்றாகக் கொண்ட டபுள் ஹார்னில் கட்டைவிரல் வால்வைத் தட்டினால் குறுகிய பி-ஃப்ளாட் குழலுக்கு மாறிக்கொள்ளலாம். அவர்களைக் கேலி செய்யாதீர்கள்.

கே: டியூபாவுக்குத்தானே அதிக மூச்சு பலம் தேவை?

ப: அளவு அதிகம், அழுத்தம் குறைவு. டிரம்பெட்டின் உச்ச ஸ்வரத்துக்கு நேர்மாறு: கொஞ்சம் காற்று, கடும் அழுத்தம்.

கே: வெள்ளி முலாம் பூசினால் நாதம் கூடுமா?

ப: பார்வைக்குக் கூடும். காசு இருந்தால் முதலில் மவுத்பீஸை (உதடு பதிக்கும் முனை) மாற்றிப் பாருங்கள். அதன் கிண்ணம் ஆழமில்லாவிட்டால் குரல் பிரகாசமாகும், ஆழமானால் கனக்கும். முலாம் செய்யாததை அது ஒரே மூச்சில் செய்துவிடும்.

கே: சிறு பிள்ளைக்கு எதில் தொடங்கலாம்?

ப: கார்னெட். குழல் நீளம் டிரம்பெட் அளவே. ஆனால் இறுக்கமாகச் சுற்றியிருப்பதால் எடை உடம்பை ஒட்டி நிற்கும், கை சோராது. டிராம்போன் ஆசை இருந்தால், ஸ்லைடை முழுக்க நீட்டும் ஏழாவது நிலைக்குக் கை எட்டும்வரை பொறுக்கட்டும்.