நாரி நோவுக்கு ஆட்கள் வருவார்கள், ஆனால்...

அன்புள்ள அம்மா,

மகன் கைரோபிரக்டிக், அதாவது முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தித் திருப்பிச் செய்யும் சிகிச்சை, படிக்க மலேசியா போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார், வயலை ஈடு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். படித்து வந்து கிளிநொச்சியில் கிளினிக் போட்டால் ஆட்கள் வருவார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டாவதை முதலில் எடுக்கிறேன்.

வருவார்கள். வன்னியில் நாரிப்பிடிப்பு, அதாவது இடுப்புப் பிடிப்பு, இல்லாத வீடு குறைவு. மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்து வயலுக்கு அடிப்பவர், முல்லைத்தீவில் கரைவலை இழுப்பவர், ஏ9 வீதியில் நாள் முழுக்க ஓட்டோ ஓடுபவர் என்று எல்லோருக்கும் இந்த வருத்தம்தான். (கதிரையை விட்டு எழும்பாத எனக்கும்தான்.) ஆனால் இவர்கள் இப்போதே முறிவு நெரிவு வைத்தியரிடம் போகிறார்கள், இல்லாவிட்டால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். ஆஸ்பத்திரியில் காசு கட்டத் தேவையில்லை. அதனால் உங்கள் மகன் விற்கப்போவது நேரத்தை: உட்கார வைத்து, முழுக் கதையையும் கேட்டு, தொட்டுப் பார்த்துச் சொல்லும் அரை மணித்தியாலத்தை.

மகன் பார்த்து மயங்கிய வீடியோக்களில் 'டக்' என்று எலும்பு சத்தம் போடும், நோயாளி சிரிப்பார். அந்த விளம்பரம் இங்கே வேண்டாம். போரில் காயப்பட்டு, செல் துண்டு இன்னும் உடம்பில் இருக்கும் ஒருவரின் முதுகை எக்ஸ்ரே பார்க்காமல் நெட்டி முறிக்கக்கூடாது. கழுத்தைத் திருப்பும்போது இன்னும் கவனம் வேண்டும், இரத்தக்குழாய் கிழிந்த சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன.

முற்பணம் வாங்கி இருபது தடவை வரச்சொல்லும் வெளிநாட்டு முறையும் இங்கே எடுபடாது. ஒட்டுசுட்டானில் இருந்து பஸ் ஏறி வருபவருக்கு ஒவ்வொரு வரவும் ஒரு நாள் கூலி நட்டம். மூன்று நான்கு தடவையில் முடித்து, வீட்டில் செய்யும் பயிற்சியைப் படம் வரைந்து கொடுத்து அனுப்பினால், அந்த ஆள் ஊருக்குப் போய்ச் சொல்லும் சொல்தான் விளம்பரம். பெண்களுக்கு மறைப்பும், உதவிக்கு ஒரு பெண்ணும் இல்லாவிட்டால் வரக்கூடியவர்களில் பாதிப்பேர் வரமாட்டார்கள். விதைப்பு, அறுவடை நாட்களில் கடை காயும், காலபோக நெல் விற்ற பிறகுதான் கையில் காசு புழங்கும். ஆகவே முதல் வருட வாடகையை வருமானத்தை நம்பாமல் ஒதுக்கி வைக்கவேண்டும்.

யாரைத் தொடக்கூடாது என்று தெரிந்திருப்பதும் தொழில்தான். நாரி நோவோடு கால் சோர்ந்தால், மூத்திரம் கட்டுப்படாமல் போனால், கையை வைக்காமல் அன்றைக்கே கடிதம் எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். அப்படி அனுப்புகிறவரை டாக்டர்மார் மறக்கமாட்டார்கள். அவர்களும் ஆட்களை அனுப்புவார்கள்.

சரி, வயல். கைரோபிரக்டிக் 1895இல் அமெரிக்காவில் தொடங்கிய முறை. இங்கிலாந்தில் அதற்கென்று சட்டமும் பதிவுச் சபையும் உண்டு. எங்கள் அரச பல்கலைக்கழகங்களில் அந்தப் பட்டம் இல்லை. மலேசியாவில் படித்து வருபவரை இங்கே எப்படிப் பதிவார்கள் என்று இலங்கை மருத்துவச் சபையிடம் எழுதிக் கேளுங்கள், பதில் எழுத்தில் வரும்வரை ஈட்டுப் பேச்சே வேண்டாம். தனியார் மருத்துவ நிறுவனங்களின் பதிவுக்கு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதற்குள் கிளினிக் எப்படி அடங்கும் என்பதையும் விசாரியுங்கள்.

என் விருப்பத்தைக் கேட்டால், முதலில் இயன்மருத்துவம், அதாவது பிசியோதெரபி. கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லாமல் படிக்கலாம். மாவட்ட ஒதுக்கீட்டோடு, பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 வீத இடங்களும் உங்கள் மாவட்டத்துக்கு உண்டு. அந்தப் பட்டத்தோடு சில வருடம் ஆஸ்பத்திரியில் கை பழகிவிட்டு, அப்புறம் முதுகெலும்பில் மேற்படிப்புக்கு எங்கே போனாலும் எனக்கு மறுப்பில்லை.

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமையே மகனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பல்கலைக்கழகத் தெரிவுக்கான இசட் புள்ளியைப் பார்த்து விண்ணப்பத்தை ஒன்றாக நிரப்பலாம். காணி உறுதி அலுமாரியிலேயே இருக்கட்டும்.