ஃப்ரீ சர்வீஸுக்கு எட்டாயிரம் ரூபாய் பில்: ஏமாற்றிவிட்டார்களா?

பத்தாயிரம் கிலோமீட்டர் ஃப்ரீ சர்வீஸுக்குக் காரை விட்டதாகவும், எட்டாயிரத்துச் சொச்சம் பில் வந்ததாகவும், இனி கம்பெனி சர்வீஸ் சென்டரை நம்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் ஒரு டீலரிடம் ஆறு வருடம் சர்வீஸ் அட்வைசராக இருந்தவன் நான். அதாவது, அந்த மாதிரி பில்களைப் போட்டவன்.

ஃப்ரீ சர்வீஸில் கூலி மட்டும்தான் இலவசம். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு உண்டு. உங்கள் சின்ன பெட்ரோல் காருக்கு அது மூவாயிரத்தை ஒட்டி வந்திருக்கும், அதில் தப்பு இல்லை. மீதியில்தான் விஷயம். எஞ்சின் டீகார்பனைசிங், ஏசி கிளீனிங், அடிப்பாகத்துக்கு ரஸ்ட் கோட்டிங், எலி ஸ்பிரே. காரோடு கொடுத்த புத்தகத்தில் மெயின்டனன்ஸ் அட்டவணையைப் பாருங்கள், இவை அங்கே இருக்காது. பத்தாயிரம் ஓடிய எஞ்சினில் சுரண்டி எடுக்கிற அளவுக்குக் கரி எங்கே இருக்கிறது? எலி ஸ்பிரேயைப் பற்றி எலிகளுக்கு இன்னும் தகவல் போகவில்லை என்பது என் அபிப்ராயம்.

இவை ஏன் உங்கள் பில்லில் ஏறின என்றால், தினமும் காலையில் எங்களுக்கு ஒரு மீட்டிங் நடக்கும். நேற்று யார் எத்தனை கார் பார்த்தார்கள் என்பதோடு, ஒரு காருக்குச் சராசரி எவ்வளவு பில் என்பதையும் எல்லோர் முன்னாலும் படிப்பார்கள். மாசக் கடைசியில் இன்சென்டிவும் அதை வைத்துத்தான். மீட்டிங் முடிந்து வெளியே வந்தால் வாசலில் கார்கள் வரிசை கட்டி நிற்கும். ஒரு காருக்குப் பத்து நிமிஷம் கிடைத்தால் அதிகம். உங்களிடம் பேசுகிற அட்வைசர் உங்கள் காருக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். பார்ப்பவர் உள்ளே இருக்கிற மெக்கானிக், அவரை நீங்கள் சந்திக்கவே விடமாட்டோம்.

நான் மாட்டிக்கொண்ட கதை ஒன்று. ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர், நாற்பதாயிரம் ஓடிய கார். கிலோமீட்டரைப் பார்த்த உடனே முன்பக்க பிரேக் பேடு மாற்றணும் என்று எஸ்டிமேட்டில் எழுதிவிட்டேன். "சரி தம்பி, மாத்துறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடு, நான் பார்க்கணும்" என்றார். வீல் கழற்றியதும் கூட்டிக்கொண்டு போனேன். மெக்கானிக் என் முகத்தைப் பார்க்காமலே, "இன்னும் பாதிக்கு மேல இருக்கு சார், அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார். வாத்தியார் என்னைத் திட்டவில்லை. "அப்போ அந்த வரியை அடிச்சுடுப்பா" என்றார், அவ்வளவுதான். அதற்கப்புறம் பார்க்காமல் பேடு எழுதுவதை விட்டேன். எலி ஸ்பிரேயை விட முடியவில்லை, அது டார்கெட்.

கஸ்டமர் எல்லோரும் அரிச்சந்திரன் என்றும் நினைக்காதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பின் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கமிருந்து டோ வண்டியில் கார் கார் என்று வந்து இறங்கின. ஒவ்வொருவரிடமும் முதல் கேள்வி, "தண்ணி வடிஞ்சதும் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா சார்?" எல்லோருக்கும் ஒரே பதில்: "சாவியையே தொடலை." எஞ்சினைப் பிரித்தால் பிஸ்டனோடு சேர்ந்த கம்பியான கனெக்டிங் ராட் வளைந்திருக்கும். சிலிண்டருக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, அந்த வேகத்தில் ராட் வளைகிறது. எஞ்சின் சுற்றாமல் அது வளையாது. எஞ்சின் புரொடெக்‌ஷன் என்ற கூடுதல் பாதுகாப்பைச் சேர்க்காத இன்சூரன்ஸில் இதற்குப் பொதுவாகப் பணம் வராது என்பதால் மறைத்தார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்து பார்த்ததும் அது வெளியே வரும். அதற்குள் வாரங்கள் போயிருக்கும், பிரித்த கூலியும் அவர்கள் தலையில்தான். ஒரே ஒருவர், "பையன் ஒரு தடவை திருகிட்டான் தம்பி, என்ன செலவாகும்னு நேரா சொல்லு" என்றார். அவருக்கு அன்று சாயங்காலமே மேனேஜரிடம் பேசி கூலியில் தள்ளுபடி வாங்கிக் கொடுத்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

வெளி மெக்கானிக்கிடம் விட்டால் வாரண்டி போய்விடுமே என்ற பயத்தில்தான் பலரும் எதையும் கேட்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். வெளியே விடுவதைக் கம்பெனிகளும் சுலபமாக்கவில்லை: உதிரிபாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததாக 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது, அவர்கள் அப்பீலுக்குப் போனார்கள். வாரண்டி இருக்கும்வரை கம்பெனியிலேயே விடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் காரை விடும்போது எழுதுகிற வேலைச் சீட்டான ஜாப் கார்டில் பிரச்சினையை உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். எஸ்டிமேட்டைத் தாண்டினால் போன் பண்ணிக் கேட்கணும் என்றும் அதிலேயே எழுதுங்கள். மாற்றிய பழைய பாகத்தை டிக்கியில் போடச் சொல்லுங்கள். இதைக் கேட்கிற கஸ்டமரின் காருக்கு அட்வைசர் கை கொஞ்சம் கவனமாகத்தான் எழுதும்.

உங்கள் பில்லுக்கு வருகிறேன். ஜாப் கார்டு நகலை எடுத்துப் பாருங்கள். அந்த நான்கு ஐட்டமும் நீங்கள் கையெழுத்துப் போட்ட எஸ்டிமேட்டில் இல்லையென்றால், அட்வைசரிடம் பேசி நேரத்தை வீணாக்காமல் சர்வீஸ் மேனேஜருக்கு மெயில் போடுங்கள், கம்பெனியின் கஸ்டமர் கேருக்கும் ஒரு நகல். கம்பெனியிலிருந்து கேள்வி வந்தால் டீலர் இறங்கி வருவார். வரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எஸ்டிமேட்டிலேயே இருந்து, படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் பணம் திரும்ப வருவது கஷ்டம்.