செல்ஃப் எடுக்கிறது, இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் கார் ஸ்டார்ட் ஆகவில்லை: எங்கிருந்து தேடுவது?

கேள்வி: நேற்று வரை ஒழுங்காக ஓடிய பெட்ரோல் கார். இன்று காலை சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கிறது, இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. புது பேட்டரி போட்டும் அதே கதைதான். அடுத்து எதை மாற்றிப் பார்க்கலாம்?

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். இன்ஜின் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறது என்றால் பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. பேட்டரி செத்திருந்தால் 'டக் டக்' என்று மட்டும் கேட்கும், இல்லை ஒன்றுமே கேட்காது. ஆக, பேட்டரிக்குப் போன பணம் போனதுதான். அதே வழியில் அடுத்து பிளக், அதற்கடுத்து பம்ப் என்று போனால் செலவு ஏறுமே தவிர, கோளாறு அகப்படாது.

பெட்ரோல் இன்ஜின் பிடிக்க மூன்று வேண்டும். சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் வர வேண்டும், பிளக்கில் சரியான நேரத்தில் கரண்ட் வர வேண்டும், உள்ளே கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் அந்தக் கலவையை அழுத்தும் அழுத்தம், இருக்க வேண்டும். இதில் எது வரவில்லை என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதைக் காதையும் கண்ணையும் வைத்தே பெருமளவு முடித்துவிடலாம், ஸ்பேனர் எல்லாம் அப்புறம்.

அதற்கு முன் ஒன்று. விடாமல் செல்ஃப் அடிக்காதீர்கள். ஒரு தடவைக்கு 10 விநாடி போதும், பிறகு ஒரு நிமிடமாவது விடுங்கள். செல்ஃப் மோட்டார் சீக்கிரம் சூடேறும், விடாமல் அடித்தால் கருகும். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய்ச் சேர்ந்து, பின்னால் இன்ஜின் பிடிக்கும்போது புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் பதம் பார்க்கும்.

இப்போது அந்தச் சத்தத்தைக் கேளுங்கள். நல்ல இன்ஜின் சுற்றும்போது அதில் ஒரு தாளம் இருக்கும். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அழுத்தும் இடத்தில் மோட்டார் கொஞ்சம் திணறும், தாண்டியதும் விடுபடும். அதனால்தான் 'ர்ரு ர்ரு ர்ரு' என்று ஏறி இறங்கிக் கேட்கிறது. அந்தத் தாளம் போய், தையல் மெஷினை வேகமாக மிதித்த மாதிரி ஒரே சீராக 'விர்ர்' என்று சுற்றினால் உள்ளே கம்ப்ரஷன் இல்லை. பெல்ட் வைத்த இன்ஜினாக இருந்தால், வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்துத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். அங்கேயே நிறுத்துங்கள். பல இன்ஜின்களில் பெல்ட் போனால் பிஸ்டன் வால்வில் மோதும். அதற்கு மேல் சுற்றினால் தப்பித்த வால்வும் வளையும். தள்ளி ஸ்டார்ட் செய்து பார்க்கிறேன் என்று யாராவது வந்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

சத்தம் இழுவையாக, சோம்பலாக இருந்தால் அது வேறு கதை. பேட்டரி புதிதாக இருந்தாலும் டெர்மினலில் பூத்த பச்சையும் வெள்ளையும், பாடியோடு சேரும் இடத்தில் துருப்பிடித்த எர்த் வயரும் கரண்டைத் தின்றுவிடும். மல்டிமீட்டர் இருந்தால் நேரே பேட்டரியில் வைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் இன்ஜின் எப்படியோ சுற்றினாலும் இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டருக்கும், பிளக்குக்குக் கரண்ட் தரும் காயிலுக்கும் போதுமான வோல்டேஜ் கிடைக்காமல் போகலாம். பேட்டரியில் எண் நன்றாகவே இருந்து சுற்றல் மட்டும் மந்தமாக இருந்தால் வயரையும் இணைப்புகளையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து டேஷ்போர்டு. சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்ததும் சாவிப் படமோ பூட்டுப் படமோ உள்ள விளக்கு எரிந்து அணைய வேண்டும். அது சிமிட்டிக்கொண்டே இருந்தால் கார் உங்கள் சாவியை நம்பவில்லை. இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு அமைப்பு பெட்ரோலையோ கரண்டையோ நிறுத்திவைத்திருக்கும், செல்ஃப் மட்டும் சில கார்களில் தாராளமாக அடிக்கும். ஒரு விநாடி ஸ்டார்ட் ஆகி உடனே அணைவதும் இதன் வேலையாக இருக்கலாம். இன்னொரு சாவி இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் சாவிக்குள் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருந்தால் பல மாடல்களில் சாவியையே பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் வேலை செய்யும். பின்னால் பொருத்திய அலாரம் ஏதாவது இருந்தால் அதன் மேலும் ஒரு கண் இருக்கட்டும். நன்றாக ஓடிய வண்டி திடீரென்று நிற்பதற்கு அந்த அரைகுறை வயரிங் பல இடங்களில் காரணமாக இருந்திருக்கிறது.

இதெல்லாம் சரி என்றால் பெட்ரோல். ரேடியோ, ஏசி எல்லாவற்றையும் அணைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆனில் மட்டும் வையுங்கள். பின் சீட்டுக்கு அடியிலிருந்து சுமார் 2 விநாடி 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்டு நிற்க வேண்டும். டாங்குக்குள் இருக்கும் பம்ப் லைனில் பிரஷர் ஏற்றும் சத்தம் அது. சில வண்டிகளில் செல்ஃப் அடித்தால்தான் அந்த பம்ப் ஓடும். அந்த மாதிரி வண்டி என்றால் பின்னால் ஒருவரை உட்காரவைத்துக் கேளுங்கள்.

சத்தமே இல்லையென்றால் உடனே பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் ஃபியூஸ். அது நன்றாக இருந்தால் ரிலே, அதாவது பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் சின்ன சுவிட்ச் பெட்டி. பானட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பாக்ஸ் மூடியின் உள்பக்கத்தில் எது எதற்கு என்று படம் போட்டிருப்பார்கள். பம்ப் ரிலேயும் ஹார்ன் ரிலேயும் ஒரே எண் அச்சிட்ட ஒரே ரகமாகப் பல கார்களில் இருக்கும். ஹார்ன் அடித்துப் பாருங்கள், அடித்தால் அந்த ரிலே நல்லது. சாவியை அணைத்துவிட்டு இரண்டையும் இடம் மாற்றிச் செருகுங்கள். முனகல் இப்போது கேட்டால் கோளாறு ஹார்ன் இடத்துக்குப் போன அந்தச் சின்னப் பெட்டிதான். எனக்குத் தெரிந்த சோதனைகளில் இதைப் போலச் செலவில்லாமல் தெளிவான பதில் தருவது வேறில்லை. இன்னொன்று, மோதல் நடந்தால் பெட்ரோலை நிறுத்துவதற்கென்று சில பழைய மாடல்களில் ஒரு சுவிட்ச் இருக்கும். பெரிய பள்ளத்தில் விழுந்து எழுந்தாலே அது தட்டிக்கொள்ளும். அதன் மேலுள்ள பட்டனை அழுத்தினால் போதும், இடம் எங்கே என்று காரோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

ஃபியூஸ், ரிலே இரண்டும் நன்றாக இருந்தும் சத்தம் இல்லையென்றால் டாங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். தேய்ந்த பம்ப் மோட்டார் சில நேரம் உதறி எழும். எழுந்தால் அதே ஓட்டத்தில் வொர்க்‌ஷாப்புக்குப் போய்விடுங்கள், நடுவில் எங்கும் நிறுத்தி அணைக்காதீர்கள். பெட்ரோல் முள் காட்டுவதையும் முழுசாக நம்ப வேண்டாம், முள் பொய் சொல்வது புதிதில்லை. சந்தேகமாக இருந்தால் 5 லிட்டர் ஊற்றிப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

சத்தம் கேட்கிறது, பெட்ரோலும் இருக்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். சுற்றும் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று போகும், முள் லேசாகவாவது எழும்ப வேண்டும். செத்த மாதிரி பூஜ்யத்திலேயே கிடந்தால் கிராங்க் சென்சரைச் சந்தேகப்படுங்கள். இன்ஜின் சுற்றுகிறது என்ற செய்தியைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். அது வாயைத் திறக்காவிட்டால் கம்ப்யூட்டர் கரண்டும் கொடுக்காது, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் திறக்காது. சில மாடல்களில் செல்ஃப் அடிக்கும்போது முள் எழும்பாது என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிட முடியாது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும், கம்ப்யூட்டர் பதிந்த கோளாறுகளைப் படிப்பதற்கான ஓ.பி.டி. சாக்கெட்டில் ஒரு சாதாரண ஸ்கேனரைச் செருகி, செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். எண் வருகிறதா என்று பார்ப்பது உறுதியானது. அமெரிக்காவில் 1996-லிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-லிருந்தும் அந்த வசதி கட்டாயமாகிவிட்டது. ஸ்கேனரில் பி0335 (P0335) என்ற கோளாறு எண் வந்தால் கிராங்க் சென்சர் சர்க்யூட், பி0340 என்றால் வால்வுகளை இயக்கும் தண்டின் நிலையைச் சொல்லும் கேம் சென்சர் சர்க்யூட். சர்க்யூட் என்பதைக் கவனியுங்கள், சென்சரோடு வயரும் கனெக்டரும் சேர்ந்ததுதான் அது.

இந்தச் சென்சருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. என் நண்பர் ஒருவரின் கார் காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும். நல்ல வெயிலில் ஓட்டிப்போய் நிறுத்தி, கால் மணி நேரத்தில் திரும்பி வந்தால் சுற்றும், பிடிக்காது. மெக்கானிக் வந்து சேர்வதற்குள் வண்டி ஆறிவிடும், அவர் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகும். ஒரு வொர்க்‌ஷாப்பில் பெட்ரோல் பம்பையே மாற்றிவிட்டார்கள், ஒரு பயனும் இல்லை. அடுத்த முறை நின்றபோது நான் கூட இருந்தேன். முள் அசையவே இல்லை. சென்சர் இருக்கும் இடத்தில் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் விட்டு ஆறவைத்தோம், பிடித்துக்கொண்டது. சூட்டில் சென்சருக்குள் இருக்கும் சுருள் விரிந்து இணைப்பு விட்டுப்போவது பழைய வண்டிகளில் சாதாரணம். உங்கள் வண்டி காலையில் ஆறிய நிலையிலேயே பிடிக்கவில்லை என்பதால் இது முதல் சந்தேகம் இல்லை, ஆனால் முள்ளைப் பார்க்கக் காசு கேட்பதில்லை.

பிளக்கைக் கழற்றத் தெரியும் என்றால் ஒரே பிளக்கில் நிறைய தெரிந்துவிடும். செல்ஃப் அடித்த கையோடு ஒன்றைக் கழற்றுங்கள். உலர்ந்து வாசனையே இல்லாமல் இருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, கரண்ட் வரவில்லை, அல்லது ஓவராக வந்து இன்ஜின் ஃபிளட் ஆகியிருக்கிறது. ராத்திரி வண்டியை ஷெட்டிலிருந்து ஒரு வண்டி நீளம் நகர்த்தி உடனே அணைத்தீர்களா? அப்படி என்றால் ஃபிளட்தான் என் முதல் யூகம். ஆறிய இன்ஜினுக்குக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகவே கொடுக்கும், அது எரிந்து முடிவதற்குள் நிறுத்தினால் பிளக் நனைந்துவிடும். ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு முழுக்க மிதித்தபடி ஒரு 10 விநாடி செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில் அப்போது கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் விடும். இருமி, தும்மி, புகையோடு எழுந்துவிடும், எழுந்ததும் காலை எடுத்துவிடுங்கள்.

கரண்ட் வருகிறதா என்று பார்க்கப் பிளக்கைக் கையில் பிடிக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். இப்போதைய காயில்கள் பல்லாயிரம் வோல்ட் தரும், பக்கத்தில் பெட்ரோல் ஆவியும் இருக்கும். ஸ்பார்க் டெஸ்டர் விலை குறைவுதான். ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடித்துப் பார்ப்பதும் எனக்குப் பிடிக்காத வைத்தியம். அதிலும் ஹீட்டர் பிளக் உள்ள டீசல் இன்ஜினில் அடிக்கவே கூடாது, உள்ளேயே வெடித்துப் பிஸ்டனை உடைக்கும்.

டீசல் வண்டிக்காரர் யாராவது இதைப் படித்தால்: ஃபில்டர் மாற்றியதற்கு அடுத்து இப்படி ஆனால் லைனில் ஏர் பிடித்திருக்கும், கையால் அழுத்தும் பம்ப் இருந்தால் கெட்டியாகும் வரை அழுத்துங்கள். ஹை பிரஷர் லைனை மட்டும் தளர்த்தாதீர்கள். ஆயிரம் பார் (பிரஷரை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் பிரஷர் ஏறும் லைன் அது, தோலைத் துளைத்து உள்ளே போகும்.

உங்கள் வண்டிக்கு நான் போகும் வரிசை இதுதான்: சாவி விளக்கு, ஆக்ஸிலரேட்டர் மிதித்து ஒரு தடவை, பின் சீட்டு முனகல், ரிலே, ஆர்.பி.எம். முள். அதற்கும் மேல் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் பிரஷரை கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும், அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். சாதாரண இன்ஜெக்‌ஷன் கார்களில் 3 முதல் 4 பார் இருக்க வேண்டும், பம்ப் ஓடும் சத்தம் கேட்டும் அது ஏறாமல் இருக்க முடியும். அவரைக் கூப்பிடும்போது ஸ்டார்ட் ஆகவில்லை என்று மட்டும் சொல்லாமல், பம்ப் சத்தம் கேட்கிறதா, முள் எழும்புகிறதா, பிளக் நனைந்திருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். கிளம்பும்போதே தேவையான சாமானோடு வருவார்.