உளவியல் பட்டம் இல்லாமல் குழந்தைகளுக்கு உணர்ச்சிகளைக் கையாளச் சொல்லித்தர முடியுமா?

நாலு வேலை மாறிவிட்டீர்கள். அடுத்ததாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோபம், பயம், அழுகையைச் சமாளிக்கச் சொல்லித்தரும் வேலைக்கு வர ஆசை. ஆனால் உளவியல் படிக்கவில்லை, முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். நான் படித்தது பி.எஸ்சி. விலங்கியல். இப்போது திருப்பூர்ப் பக்கம் நடுநிலைப் பள்ளிகளில் இதே வேலையைத்தான் பார்க்கிறேன்.

கல்லூரி முடித்ததும் பனியன் கம்பெனியில் செக்கிங், அதாவது தைத்த துணியில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. அப்புறம் 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர். தமிழ்நாட்டில் 2008இல் தொடங்கிய சேவை அது. அறிவியல் பட்டதாரிகளையும் பயிற்சி கொடுத்து எடுத்துக்கொண்டார்கள். குழந்தை பிறந்த பிறகு இரவு ஷிப்ட் ஒத்துவரவில்லை. கொஞ்ச காலம் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். என்னைக் கண்டாலே சொந்தக்காரர்கள் வேறு தெருவில் திரும்பினார்கள் என்பதைத் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை. 2021 கடைசியில், கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை, சாயந்திரம் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வகுப்பு.

கொரோனாவில் ஒன்றரை வருஷம் பள்ளிக்கூடம் பார்க்காத பிள்ளைகள். கூட்டல் கழித்தல் மறந்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பென்சில் முனை உடைந்தால் அழுகை, பக்கத்தில் இருப்பவன் முழங்கை பட்டால் அடிதடி, இதுதான் மலைப்பாக இருந்தது. அப்போது கைகொடுத்தது ஆம்புலன்ஸ் அனுபவம்தான். அடிபட்ட குழந்தையிடம் "பயப்படாதே" என்றால் வேலைக்கு ஆகாது. அதன் கண் மட்டத்துக்குக் குனிந்து பெயர் கேட்போம். அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவோம். மூச்சை மெதுவாக விடச் சொல்வோம். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு தணியும். உடம்பு அடங்கினால்தான் சொல்வது காதில் ஏறும்.

வகுப்பறையிலும் அதே வரிசைதான் பிடிக்கிறேன். முதலில் உடம்பு, அப்புறம் உள்ளுக்குள் என்ன உணர்ச்சி என்று அந்தப் பிள்ளையே சொல்வது, யார் யாரை அடித்தார்கள் என்ற விசாரணை கடைசியில். பெரியவர்கள் பெரும்பாலும் விசாரணையில்தான் ஆரம்பிக்கிறோம்.

இங்கே பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். தமிழில் மனதைச் சொல் என்றால் அவர்களால் எப்படி முடியும்? அதனால் ஓர் ஆள் உருவத்தின் வெளிக்கோட்டை வரைந்து கொடுத்து, கோபம் வந்தால் எங்கே தெரிகிறதோ அங்கே கலர் அடிக்கச் சொல்வேன். பயத்துக்கு இன்னொரு தாள். ஒருத்தன் கைமுட்டியைச் சிவப்பாக்குவான், ஒருத்தி தொண்டையை. வயிற்றில் கலர் அடிப்பவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். காலையில் வயிறு வலிக்கிறது என்று வீட்டுக்குப் போகக் கேட்பதற்குப் பின்னால் பல நேரம் பயம்தான் இருக்கும். செக்கிங்கில் நின்ற பழக்கமும் இதில் உதவுகிறது. நேற்று வாயாடியவள் இன்று பையை மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருந்தால் சட்டென்று கண்ணில் பட்டுவிடும்.

சரி, தகுதி விஷயத்துக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் 1990களில் சொன்ன 10 வாழ்க்கைத் திறன்களில் உணர்ச்சிகளைக் கையாளுதலும் மன அழுத்தத்தைக் கையாளுதலும் உண்டு. இவற்றை ஆசிரியர்களே வகுப்பில் நடத்தலாம். அதற்காகவே பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் கையேடுகள் போட்டிருக்கிறது. நீங்களும் அங்கிருந்தே தொடங்கலாம். சிகிச்சை என்பது வேறு. மருத்துவ உளவியலாளராக வேலை பார்க்க இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். இந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள். வீட்டில் அடி வாங்கும் பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்புவது அநியாயம். தலைமை ஆசிரியரிடம் சொல்ல வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்க வேண்டும். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல், தனியாக விடாமல், பெரியவர்கள் கையில் ஒப்படையுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் எந்த நேரமும் ஆலோசனை கிடைக்கும்.

ஒரே நாளில் மைக் பிடித்து மொத்தப் பள்ளியையும் அழவைத்துவிட்டுப் போகும் தன்னம்பிக்கைப் பேச்சு இருக்கிறதே, அந்தப் பக்கம் மட்டும் போகாதீர்கள். காசு அதில்தான் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அழுத பிள்ளையோடு மறுநாள் உட்கார யாரும் இருக்க மாட்டார்கள். வாரம் ஒரு பாடவேளை, ஒரே வகுப்பு, வருஷம் முழுக்க. பிள்ளைகளிடம் மாற்றம் தெரிவது அப்படிப் போனால்தான்.

வருமானம் குறைவு. எனக்கு ஓர் அறக்கட்டளை தரும் தொகை வீட்டு வாடகையையும் மளிகையையும் தாண்டாது; அதனால் டியூஷனும் எடுக்கிறேன். இப்போதைய வேலையை உடனே விட்டுவிடாதீர்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் பக்கத்து அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். காலாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டால் யாரும் பாடவேளை தரமாட்டார்கள்.