இறந்தவரின் பழைய வழக்கு எதற்குச் சாட்சி? – வாசகர் கேள்விகளுக்குச் சட்டப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைத் தொட்டவை. ஆகவே பாகப்பிரிவினை, வாடகைக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் அம்மான் வீட்டுச் சாந்திக் கல்யாணத்துக்கு, அமெரிக்காவில் மினியாபொலிசில் வேலை பார்க்கும் என் ஆச்சி மகன் வந்திருந்தான். பலகாரப் பந்தி முடிந்து பட்டாலையில் பேசிக்கொண்டிருந்தபோது, அங்கே காவலர்களின் பிடியில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்பவர் இறந்த தெருமுனையில் பூக்கள் குவிந்திருக்கும் படத்தைத் தன் செல்பேசியில் காட்டினான். எங்கள் பங்காளி அண்ணன் ஒருவர், "துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடித்துச் சிறைக்குப் போனவனுக்கு எதற்கப்பா பூ?" என்று கேட்டார். இவன், "அவர் ஒரு தவறும் செய்யாதவர்" என்றான். பேச்சு முற்றி, பையன் எழுந்து முகப்புக்குப் போய்விட்டான். காவலர்களின் விசாரணையில் இறந்த மடப்புரத்துக் கோயில் காவலாளி அஜித்குமார் எந்தப் பழைய வழக்கும் இல்லாத அப்பாவி; அவருக்காக நம் மாவட்டமே கொதித்தது நியாயம். இந்த இரண்டு சாவுகளையும் ஒன்றாக வைத்துப் பேசுவது எப்படிச் சரியாகும்?
– வாசகர், செக்காலை, காரைக்குடி

பதில்: உங்கள் அண்ணன் சொன்ன பழைய வழக்கு உண்மையே. ஹூஸ்டன் நகரில் 2007இல் நடந்த ஆயுதக் கொள்ளை ஒன்றில் ஃபிளாய்டு குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2009இல் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். சிறையிலிருந்து வந்து சில ஆண்டுகளில் மினியாபொலிசுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே 2020 மே 25 அன்று ஒரு கடையில் 20 டாலர் கள்ள நோட்டைக் கொடுத்தார் என்ற புகாரின் பேரில் காவலர்கள் வந்தார்கள். கைவிலங்கு பூட்டிக் குப்புறக் கிடத்தப்பட்டிருந்த அவருடைய கழுத்தில் டெரெக் சாவின் என்ற காவலர் முழங்காலை ஊன்றி அழுத்திய நேரம் 9 நிமிடம் 29 வினாடி என்று அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் கணக்குக் காட்டியது. காவல் துறையின் முதல் செய்திக்குறிப்பிலோ முழங்காலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உடல் நலிவுற்றவராகத் தோன்றினார், மருத்துவமனையில் இறந்தார் என்ற அளவோடு அது முடிந்துவிட்டது. நம் ஊரில் "கழிப்பறையில் வழுக்கி விழுந்தார்" என்று சொல்லி மாவுக்கட்டோடு படம் பிடித்துப் போடுகிறார்களே, அதே வாடைதான். வழியில் நின்ற 17 வயதுப் பெண் தன் செல்பேசியில் எடுத்த காணொலி வெளிவந்திராவிட்டால், அந்தக் குறிப்போடு கோப்பு மூடப்பட்டிருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

அந்த ஒன்பதரை நிமிடத்துக்குள் 2007ஆம் ஆண்டை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதே உங்கள் அண்ணனிடம் நான் கேட்க விரும்பும் கேள்வி. கடையிலிருந்து போன புகார் ஒரு நோட்டைப் பற்றியது. பழைய கொள்ளைக்கு ஒரு நீதிமன்றம் தண்டனை விதித்தது, அவரும் சிறையில் இருந்துவிட்டு வந்தார். அசலும் வட்டியும் வாங்கிக்கொண்டு புரோநோட்டைக் கிழித்துக் கொடுத்த பிறகு, அந்தக் கிழிசலை ஒட்டவைத்துக்கொண்டு வேறொருவர் வசூலுக்கு வந்து நின்றால், லேவாதேவி செய்த நம் பெரியவர்கள் எவரும் அதற்குப் பெட்டியடியில் இடம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இனி மடப்புரம். காரில் வைத்திருந்த நகையைக் காணவில்லை என்ற புகாருக்காக விசாரிக்கப்பட்ட அஜித்குமார், 2025 ஜூன் 28 அன்று காவலர்களின் பிடியில் இறந்தார். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போனது. அவர் அப்பாவி என்பது நம் துயரத்தைப் பெருக்கியது, அது இயல்பு. ஆனால் அடித்தவர்களின் செயல் குற்றமாவது அவர் அப்பாவி என்பதால் அல்ல. ஒரு பேச்சுக்காக, நகையை அவரே எடுத்திருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேதப் பரிசோதனையில் எண்ணப்பட்ட 44 காயங்களில் எந்த ஒன்று சட்டப்படி சரியாகிவிடும்? ஒன்றும் ஆகாது. நாம் கொதித்ததற்கு "அப்பாவி" என்ற சொல்லை மட்டுமே காரணமாக வைத்திருந்தோமானால், அடுத்த முறை இறந்தவரின் பெயரில் ஒரு பழைய அடிதடி வழக்கு இருந்தாலே போதும், நாம் வாயை மூடிக்கொள்வோம் என்பது அடிப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

சட்டம் இதில் குழப்பம் வைக்கவில்லை. கைது செய்யும் முறையைச் சொல்லும் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 46ஆகவும் இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 43ஆகவும் இருக்கிறது. கைதை எதிர்ப்பவர் மீது தேவையான பலத்தைக் காவலர் பயன்படுத்தலாம் என்று சொல்லும் அதே பிரிவு, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கொல்லும் உரிமை இதனால் வந்துவிடாது என்றும் சொல்கிறது. கவனியுங்கள், அது பார்ப்பது இப்போது எதற்காகப் பிடிக்கிறார்கள் என்பதையே; முன்பு எதற்காகப் பிடிபட்டார் என்பதை அல்ல.

பழைய வழக்குக்கு எங்குமே இடமில்லை என்றும் சொல்ல மாட்டேன். பிடிக்கப் போகிறவர் முன்பு ஆயுதத்தால் தாக்கியவர் என்பது காவலருக்குத் தெரிந்திருந்தால், எத்தனை பேரோடு போவது, எவ்வளவு எச்சரிக்கையாக அணுகுவது என்பதை அது தீர்மானிக்கலாம். பிணை கேட்கும்போதும் தண்டனை அளவை முடிவு செய்யும்போதும் நீதிபதி அதைப் பார்ப்பார். கை பின்னால் பூட்டப்பட்டு, மூச்சு விட முடியவில்லை என்று மன்றாடிக்கொண்டிருப்பவர் விஷயத்தில் அதற்கு எந்த வேலையும் இல்லை. மேலும், பழையதைக் கிளறுவதென்றால் இரு பக்கமும் கிளற வேண்டும் அல்லவா? காவலர் டெரெக் சாவின் 2017இல் 14 வயதுச் சிறுவன் ஒருவனிடமும் இவ்வாறே நடந்துகொண்டதைப் பின்னர் 2021 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அவரே ஒப்புக்கொண்டார். ஃபிளாய்டு கொலை வழக்கை விசாரித்த நடுவர் குழுவின் (ஜூரியின்) முன் அந்தச் சம்பவம் வைக்கப்படவில்லை. அந்த நாளில் அந்தத் தெருவில் நடந்ததை வைத்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்ற பாதுகாப்பு சாவினுக்கும் கிடைத்தது.

உங்கள் ஆச்சி மகனிடமும் ஒரு சொல். "ஒரு தவறும் செய்யாதவர்" என்று அவர் வாதிட்டிருக்கத் தேவையில்லை. அப்படிச் சொன்ன நொடியிலேயே, தவறு செய்தவராக இருந்தால் கொன்றது சரி என்ற எதிர்த் தரப்பின் அடிப்படையை அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். பிறகு ஒரு பழைய தீர்ப்பைக் காட்டியதும் எழுந்து போவதைத் தவிர வழியில்லை.

கேள்வி: ஃபிளாய்டின் இரத்தத்தில் போதைப்பொருள் இருந்தது, இதயமும் பழுதாக இருந்தது என்கிறார்கள். அப்படியானால் அது எப்படிக் கொலையாகும்?
– வாசகர், தேவகோட்டை

பதில்: இரண்டும் உண்மை, மாவட்ட மருத்துவப் பரிசோதகரின் அறிக்கையிலேயே இருப்பவை. அதே அறிக்கை, காவலர்கள் அடக்கிப் பிடித்ததையும் கழுத்தை அழுத்தியதையும் சாவுக்குக் காரணமாகச் சொல்லி, இதை மனிதரால் நேர்ந்த சாவு என்று வகைப்படுத்தியது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் போதையையும் இதயத்தையும் முன்னிறுத்தியே வாதாடினார். நடுவர் குழு ஏற்கவில்லை. 2021 ஏப்ரல் 20 அன்று மூன்று குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று சொன்னது. தண்டனை இருபத்திரண்டரை ஆண்டு.

நம் சட்டமும் வேறு மாதிரி சொல்லவில்லை. நோயாலோ நலிவாலோ வருந்தும் ஒருவருக்குக் காயம் விளைவித்து அவர் சாவை விரைவுபடுத்தினாலும், சாவை விளைவித்ததாகவே கொள்ளப்படும் என்பது இந்திய தண்டனைச் சட்டத்தின் 299ஆம் பிரிவுக்கான முதல் விளக்கம். இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 100ஆம் பிரிவிலும் அது இருக்கிறது. எண்பது வயது அப்பத்தாவைப் பிடித்துத் தள்ளியவன், "இளவட்டமாக இருந்திருந்தால் பிழைத்திருப்பாரே" என்று வாதாட முடியாது.

கேள்வி: ஐயா, நீங்கள் சட்டம் பேசுகிறீர்கள். பெரிய வீட்டில் தனியாக இருக்கும் என்னை, சென்ற ஆண்டு விடியற்காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது கீழே தள்ளி, ஏழு பவுன் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். கழுத்துத் தழும்பு இன்னும் ஆறவில்லை. அந்தத் திருடனைக் காவல் துறை சுட்டிருந்தால் கொப்புடையம்மனுக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைத்திருப்பேன். எங்களைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்?
– வாசகி, கோட்டையூர்

பதில்: ஆச்சி, உங்கள் கோபத்தைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, எட்டுக் கட்டு வீட்டில் ஒற்றைக் குழல்விளக்கோடு இருக்கும் பெரியவர்களின் இரவுகள் எப்படிப்பட்டவை என்று இந்தப் பக்கத்து ஊர்க்காரனாகிய எனக்குத் தெரியும். அதனால் நியாயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, உங்கள் நகையின் பக்கத்திலிருந்தே பார்ப்போம். அந்தத் திருடன் சுடப்பட்டு இறந்தால், அவன் மீதான வழக்கு அத்தோடு முடிந்தது. சங்கிலியை யாரிடம் விற்றான், உருக்கியவர் யார், நீங்கள் தனியாக இருப்பதை அவனுக்குச் சொன்னது யார் என்பதையெல்லாம் சொல்லக்கூடிய ஒரே வாயும் மூடிவிட்டது. திருட்டு நகை என்று தெரிந்தே வாங்கியவர் அன்றிரவு நிம்மதியாகத் தூங்குவார். சுடப்பட்டவன் உங்களைத் தள்ளியவன்தானா என்பதையாவது நீங்கள் அடையாள அணிவகுப்பில் நேரில் பார்த்துச் சொல்லியிருப்பீர்கள். அந்த வாய்ப்பும் போனது.

கடைசியில் சொன்னது வீண் பயம் அல்ல. ஐதராபாத்தில் பெண் மருத்துவர் ஒருவர் கொடூரமாகக் கொல்லப்பட்ட வழக்கில் பிடிபட்ட நால்வரை, 2019 டிசம்பர் 6 அன்று காவல் துறை சுட்டுக் கொன்றது. மக்கள் காவலர்கள் மீது பூத்தூவினார்கள். அன்று நானும் கோபத்தில் உள்ளூர மகிழ்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022 மே மாதம் வெளிவந்தது. துப்பாக்கியைப் பறித்துத் தாக்கினார்கள் என்ற காவல் துறையின் கூற்று நம்பத்தக்கதல்ல என்றும், நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும், பத்துக் காவலர்கள் மீது கொலைக் குற்றத்துக்கு விசாரணை நடத்த வேண்டும் என்றும் அது சொன்னது. அந்த நால்வர் அக்கொடுமையைச் செய்தவர்கள்தாமா என்பதை இனி எந்த நீதிமன்றமும் சொல்லப் போவதில்லை. கொல்லப்பட்ட பெண்ணின் பெற்றோருக்கும் ஒரு தீர்ப்பு கிடைக்காமல் போயிற்று.

இதனால்தான், ஒவ்வொரு மோதல் (என்கவுன்ட்டர்) சாவுக்கும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், சுட்டவர்களின் நிலையத்தைச் சேராத தனிக் குழு விசாரிக்க வேண்டும், உடனடியாகப் பதவி உயர்வோ வீரப் பரிசோ கூடாது என்றெல்லாம் 2014இல் உச்ச நீதிமன்றம் பதினாறு நெறிமுறைகளை வகுத்தது. உங்கள் வழக்கைப் பொறுத்தவரை, விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று எழுத்து மூலம் நிலையத்திலும், பதில் வராவிட்டால் மாவட்டக் கண்காணிப்பாளரிடமும் கேளுங்கள். மனு எழுத ஆள் இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: காவல் நிலையப் பதிவேட்டில் "ரவுடி" என்று எழுதியிருப்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாதா? அரசுப் பதிவேடு பொய் சொல்லுமா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: நான் இளம் வழக்கறிஞராக இருந்தபோது ரவுடி என்று நிலையத்தில் குறிக்கப்பட்ட ஒருவருடைய சரித்திரப் பதிவேட்டை நீதிமன்றத்தில் புரட்டிப் பார்த்தேன். ஓரங்கள் மக்கிய நீளத்தாள். வலது நடுவிரல் நுனி இல்லை, இடது புருவத்தில் தழும்பு என்று அங்க அடையாளங்கள் மிகச் சரியாகவே இருந்தன. அதன் கீழே, மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரே கையெழுத்தில், ஒரே நீல மையில், "கண்காணிக்கப்பட்டார், வீட்டில் இருந்தார், நடத்தையில் மாற்றம் இல்லை" என்று ஐந்து ஆண்டுகளுக்கு எழுதியிருந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் நான்கை அந்த மனிதர் ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் மாவாட்டிக் கழித்திருந்தார். கடவுச்சீட்டில் முத்திரை இருந்தது. எந்த நிலையம் என்பது இப்போது முக்கியமில்லை.

ஆகவே பதிவேடு பொய் என்றும் சொல்லவில்லை, மெய் என்றும் சொல்லவில்லை. எழுதியவர் யார் என்று பாருங்கள் என்கிறேன். சுட்ட துறையே, சுடப்பட்டவர் எப்படிப்பட்டவர் என்ற சான்றிதழையும் தருகிறது. சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் இறந்த தந்தை, மகன் விஷயத்திலும், அவர்கள் தரையில் உருண்டு புரண்டதில் ஊமைக்காயம் பட்டது என்று முதல் தகவல் அறிக்கை சொன்னதை மறந்துவிடக் கூடாது. இன்னும் பின்னால் போனால், பிறந்த சாதியையே குற்றப் பின்னணியாக எழுதிவைத்த குற்றப் பரம்பரைச் சட்டமும் அரசுப் பதிவேடுதான். 1942 ஆகஸ்டில் தேவகோட்டை நீதிமன்றம் எரிக்கப்பட்டபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள், அன்றைய அரசுக்குக் கலகக்காரர்கள். இன்று நமக்குத் தியாகிகள்.

கேள்வி: ஃபிளாய்டின் குடும்பத்துக்கு 27 மில்லியன் டாலர் கொடுத்தார்களாமே, குற்றவாளிக்கு இவ்வளவு பரிசா?
– வாசகர், புதுவயல்

பதில்: பரிசு அல்ல. நகர நிர்வாகத்தின் மீது குடும்பத்தார் தொடுத்த உரிமையியல் வழக்கில், 2021 மார்ச்சில் ஏற்பட்ட சமரசத் தொகை. இங்கேயும் காவல் சாவுக்கு அரசு இழப்பீடு தர வேண்டும் என்று காவலில் மகனை இழந்த நீலாபதி பெஹராவின் வழக்கில் 1993இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தாய்க்குக் கிடைத்தது ஒன்றரை லட்ச ரூபாய்.

கேள்வி: 2007 கொள்ளையில் அவர் கர்ப்பிணி ஒருவரின் வயிற்றில் துப்பாக்கியை வைத்து மிரட்டியதாக எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா?
– வாசகி, கண்டனூர்

பதில்: வீட்டுக்குள் நுழைந்து ஒரு பெண்ணின் வயிற்றில் துப்பாக்கியை அழுத்தினார் என்ற குற்றச்சாட்டு அந்த வழக்கின் ஆவணத்தில் இருக்கிறது. அந்தப் பெண் கர்ப்பிணி என்பது அதில் இல்லை. பின்னால் யாரோ சேர்த்தது. செய்தியைப் போட்டவர் உங்களுக்கு மூத்தவராக இருந்தால் குழுவில் வைத்து மறுக்க வேண்டாம். தனியே அழைத்து, அந்த ஒரு வரியை மட்டும் நீக்கிவிட்டு மற்றவற்றை அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.